முள் தொட்ட கோடு

சனிக்கிழமை காலை கொளஞ்சிநாதன் வேலைக்கான மெடிக்கல் டெஸ்டுக்குப் போனதும், தனம் எட்டாம் வகுப்புக்குப் பரீட்சைக் கேள்வி எழுத உட்கார்ந்தாள். பெரிது, சிறிது அடையாளம் போடும் கணக்கு. புத்தகத்தில் இருந்ததெல்லாம் மாம்பழமும் கூடையும். அவளுக்கோ மனசு முழுக்கப் புருஷனின் எடை. கை தானாக எழுதியது: 'ஒரு தொழிலாளியின் எடை 96 பவுண்டு. நிரந்தர வேலைக்கு 100 பவுண்டுக்குக் குறையக் கூடாது. அவர் எடை இன்னும் எவ்வளவு கூட வேண்டும்?' கீழே விடையையும் எழுதினாள்: 96 + x ≥ 100.

அந்த x-க்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? ஒரு மாதமாகப் பண்ருட்டி பலாச்சுளையும் முந்திரியுமாக ஊட்டித் தள்ளியிருந்தாள். மனுஷன் மறுக்காமல் சாப்பிட்டான். சாப்பிட்டது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ, கன்னம் மட்டும் ஒட்டியபடியே இருந்தது. நிலக்கரி மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்ப்பில் அவன் கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ். அதுவரை மந்தாரக்குப்பத்தில் இந்த ஒழுகல் ரூம்தான்.

பதினோரு மணிக்கே அவன் திரும்பிவிட்டான். போகும்போது எடுத்துப் போன அவளுடைய லேடீஸ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

"முள்ளு சரியா நூறுல போயி நின்னுகினு இருந்துச்சு தனம். கோட்டத் தொட்டுடுச்சு. அவ்ளோதான், போச்சு."

கம்பவுண்டர் எடையைக் குறித்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறார். நாலு பேர் முன்னால் ஃபெயில் என்று கேட்க மனமில்லாமல் இவன் நழுவி வந்துவிட்டான். தனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூறு வந்தும் ஏன் போச்சு என்று கேட்டாள்.

"பம்ப்புல முள்ளு செவப்புக் கோட்டத் தொட்டாலே தப்பு. தொடறதுக்கு முன்னாலயே நிறுத்திடணும். தொட்டதுக்குத்தான போன வருசம் ஒருத்தன வூட்டுக்கு அனுப்பனாங்க."

தனத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இந்த அப்பாவியைக் கட்டிக்கொண்டு ஒரு மாதமாகத் தூங்காமல் கிடந்தோமே என்று கோபமும் வந்தது. கேள்வித்தாளை அவன் முன்னால் நீட்டி, அடையாளத்துக்கு அடியில் இருந்த சின்னக் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"பம்ப்புக்கு இந்தக் கோடு கெடயாதுங்க. உங்களுக்கு உண்டு. தொட்டாப் போதும்."

அவன் அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்தான். பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டான். அன்று காலையிலிருந்து அதை அடக்கியே வைத்திருந்தான் போல. டாக்டர் ஒரு மணி வரை இருப்பார் என்று சொல்லிச் சைக்கிளை எடுக்கப் போனவன், பாதியில் நின்றான்.

"திரும்பவும் எட போடச் சொன்னா? மிதிச்சு மிதிச்சு வேர்த்துப் போச்சே."

கம்பவுண்டர் குறித்தது குறித்ததுதான் என்று தனம் சொன்னாள். ஆனாலும் ஒரு செம்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தாள். சைக்கிளைத் தானே பிடித்துக்கொண்டு, "பின்னால ஏறி உக்காருங்க" என்றாள்.

டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். டீச்சரம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு மேட்டில் மூச்சிரைக்க மிதித்துப் போனாள். கேரியரில் கொளஞ்சிநாதன் கால்களைத் தூக்கியபடி, அசையாமல், அடுத்த பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். பின்சக்கரம் கனத்தது. அந்தக் கனம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.