பச்சைக் கோட்டில் நின்ற முள்

அந்தச் சின்ன விமானத்தளத்தில் அவளுக்குக் ‘காது’ என்று பெயர். எஞ்சின் தூரத்தில் இருமினாலே எந்த சிலிண்டர் என்று டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடுகிற மெக்கானிக். அப்படிப்பட்டவள்தான் அன்று காலை தன் காதையே நம்பாமல் போனாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் யானைதான் விழும். மெக்கானிக் சறுக்கினால் விழுவது வேறு ஆள்.

விமானம் அவள் தம்பியுடையது. ஒற்றை எஞ்சின், நாலு சீட்டு, அவனைவிட ஐந்து வயது மூத்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோவது அவன் தொழில்.

"ஹொரைசன் லேசா சாயுதுக்கா," என்றான்.

ஹொரைசன் என்பது அடிவானத்தைக் காட்டும் கருவி. எஞ்சினோடு ஓடும் பம்பு காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று பட்டுக் கருவிக்குள் ஒரு சக்கரம் சுழலும். அது வேகமாகச் சுழலும்வரை, விமானம் எப்படிச் சாய்ந்தாலும் உள்ளே இருக்கும் கோடு உண்மையான அடிவானத்தோடு ஒத்து நிற்கும். மேகத்துக்குள் போனால் தரையும் தெரியாது, வானமும் தெரியாது. அப்போது அந்தக் கோடுதான் கண்.

பம்பு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கேஜில் முள், சரியான அளவைக் காட்டும் பச்சைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஏன் இறங்கியது என்று தேடாமல், உறிஞ்சலைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் ஸ்குருவைக் கால் சுற்றுத் திருகினாள். முள் சமர்த்தாக ஏறிப் பச்சையில் நின்றது.

அதோடு விடுவது அவள் வழக்கமில்லை. எஞ்சினை நிறுத்தியதும் பேனலில் காதை வைப்பாள். நல்ல சக்கரம் பத்து நிமிஷமாவது முனகித்தான் அடங்கும். பேரிங் தேய்ந்தது சீக்கிரமே செத்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷமும் கேட்காமல் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று இரண்டாவது நிமிஷத்திலேயே ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து ஷெட்டில் எவனோ தகரத்தை அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிருக்கும் என்று நினைத்தாள்.

"என்னக்கா, அதுக்கு நாடி பாக்கறியா? மலை மேல மேகம் கட்டுது பாரு. அது எறங்கறதுக்குள்ள போய்ட்டு வந்துடறேன்."

"பத்து நிமிஷம் பொறுடா."

"முள்ளு பச்சையில நிக்குதுல்ல? அப்புறம் என்ன?"

பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கே புத்தி சொல்பவள், தம்பியின் அவசரத்துக்காகப் பதறினாள். விமானம் பறக்கலாம் என்ற அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பறந்து போனான்.

மூன்று மணிக்குப் பயிற்சிப் பள்ளியின் விமானம் ஒன்று ஷெட்டுக்கு வந்தது. அதே வகை, அதே வயது. எஞ்சின் நின்றது. வழக்கம்போலப் பேனலில் காதை வைத்தாள். சக்கரம் முனகியது. ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம், தெளிவாக முனகிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஷெட்டில் தகரத்தை இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

காலையில் சத்தம் அமுங்கவில்லை. சக்கரம்தான் நின்றிருந்தது.

ரேடியோ அறைக்கு ஓடினாள்.

"அங்க லேட்டாயிடுச்சாம், திரும்பி வர்ற வழியில இப்பத்தாம்மா மேகத்துக்குள்ள போறேன்னு சொன்னாப்ல," என்றார் ரேடியோக்காரர்.

அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். "தம்பி, ஹொரைசனப் பாக்காத!"

"ஏன்க்கா? கோடு நேராத்தான் நிக்குது," என்றான். "திருப்பம் காட்டற முள்ளுதான் எடப்பக்கமே போய்க்கிட்டு இருக்கு. அது கெட்டுப்போச்சு போல."

விமானம் இடப்பக்கம் சாய்ந்து வளைந்துகொண்டிருக்கிறது. அவனோ நேராகப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் மலை.

"அது பேட்டரில ஓடறதுடா. அதுதான் நெசம். ஹொரைசன் செத்துக்கிட்டிருக்கு."

"கேஜ் பச்சையில நிக்குதே. நீதானக்கா வச்ச?"

ரேடியோக்காரர் அவளையே பார்த்தார். அந்த அலைவரிசையில் இன்னும் நாலைந்து விமானிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும்.

"கேஜ் உறிஞ்சறதத்தான் காட்டும், சுத்தறதக் காட்டாது. பேரிங் போயிடுச்சு. காலையில நான் பத்து நிமிஷம் கேக்கல. ஸ்குருவத் திருகி முள்ள ஏத்தி வச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னுது."

அவன் குரல் வந்தது. அதில் கேலி போயிருந்தது.

"அப்ப எதக்கா நம்பறது? நீ போட்ட கையெழுத்தயா, இப்ப நீ சொல்றதயா?"

"இப்ப சொல்றத. ஹொரைசன எதையாவது வச்சு மூடிடு. பேட்டரி முள்ள நடுவுல கொண்டா. வேகத்தயும் உயரத்தயும் மட்டும் பாரு."

"ம்."

அதற்குப்பின் பேச்சில்லை. மலை மறைத்திருக்கும் என்றார் ரேடியோக்காரர். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். காலையில் கொடுக்க மனமில்லாத பத்து நிமிஷத்தை இப்போது ஒவ்வொரு நொடியாக எண்ணினாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல அவனை விட்டது அவள்தான். பத்து போயிற்று. பதினொன்றும் போயிற்று.

பன்னிரண்டாவது நிமிஷத்தில், வேறு யாருக்கும் கேட்பதற்கு முன்னால், அவளுக்குக் கேட்டது.

"வர்றான்," என்றாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

விமானம் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. அவள் கதவைத் திறந்தாள். ஹொரைசனை ஒரு காகிதம் மூடியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்ட சீட்டு. எடுத்துப் பார்த்தாள். சமதரையில் நிற்கும் விமானத்தில், உள்ளே கோடு பாதி கவிழ்ந்து கிடந்தது. அவன் ஸ்டியரிங்கை இன்னும் விடாமல் பிடித்திருந்தான். "தம்பி," என்றாள். அவன் திரும்பவில்லை.

அடுத்த வாரம் புதுக் கருவி மாட்டினாள். முள் இறங்கக் காரணமாயிருந்த, அழுக்கேறிய காற்று ஃபில்டரையும் மாற்றினாள். பத்து நிமிஷமும் காதை வைத்துக் கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். அவன் சீட்டை வாங்கிக்கொண்டான், "தாங்க்ஸ்க்கா" என்றுகூடச் சொன்னான்.

பிறகு எஞ்சினை மறுபடி ஓட்டி, நிறுத்தி, குனிந்து தன் காதைப் பேனலில் வைத்துக்கொண்டான். தன் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் அப்படியே இருந்தான். அவள் கீழே நின்று காத்திருந்தாள்.