ஓநாய்க் கிழவியின் இரண்டாம் டிஸ்க்

என் குரல் கட்டைக் குரல். பிறவியிலேயே அப்படி. போனை எடுத்தால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். நானும் திருத்தாமல் சாராகவே பேசிவிட்டு வைத்துவிடுவேன். யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. ஆனால் என் குரலைக் கேட்டு ஊரே ஓடிய கூத்து கல்வராயன் மலையில்தான் நடந்தது.

வடக்கனந்தல் அங்கன்வாடியில் பல வருஷம் குப்பை கொட்டியவள் நான். போன ஆடியில் வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊருக்கு மாற்றினார்கள். டவர் கிடையாது, பஸ் எப்போதாவது வரும். இருக்கட்டும், குழந்தைகள் எங்கே போனாலும் குழந்தைகள்தானே என்று மூட்டையைக் கட்டினேன்.

முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, பிள்ளைகளைக் கூட்டி வந்து விட்டார்கள் அம்மாக்கள். நான் வாசலில் நின்று ஆசையாகக் கூப்பிட்டேன். "வாங்க கண்ணுங்களா! வந்து உக்காருங்க. சோறு ரெடி. துன்னுட்டுத் தூங்கலாம்."

அவ்வளவுதான். பாரதி என்ற நாலு வயசுப் பெண் முதலில் வீறிட்டாள். அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் அம்மாக்களின் முந்தானைக்குள் நுழைந்துகொண்டது. சரி, முதல் நாள் அழுகை என்று விட்டால், அந்த அம்மாக்கள் முகமும் வெளுத்துவிட்டது. பாரதியின் அம்மா சுபஸ்ரீ இருபத்தைந்து வயசுக்காரி. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.

மறுநாளும் அதே கதை. சமையலுக்கு இருந்த காசியம்மாள் உள்ளூர்க்காரி, என் அம்மா வயசு. அவள்தான் யோசனை சொன்னாள். "கொஞ்சம் கம்மியா பேசிப் பாருங்க டீச்சர்."

கம்மியாகத்தான் பேசினேன். அன்றைக்கு இன்னும் ஜாஸ்தியாக ஓடினார்கள்.

சூப்பர்வைசர் அம்மா வந்து காலிப் பாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ளைங்க வரலைன்னா இந்த மையத்தை மூடிட்டு ஓடைக்கு அந்தாண்ட இருக்கிற ஊரோட சேத்துடுவாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்."

மழை பெய்தால் அந்த ஓடையை ஆடு மாடுகூடத் தாண்டாது. சாமைக் காட்டுக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை வரப்பில் உட்கார வைத்துவிட்டுக் களை எடுக்க வேண்டியதுதான். எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் அழுகை. அப்படி என்ன செய்துவிட்டேன் நான்? பேயா பிசாசா? நேரில் கேட்டுவிடுவோம் என்று ஒரு மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன்.

வேடியப்பன் என்பவன் வீட்டு வாசலில் சின்னச் சின்னச் செருப்புகளாகக் கிடந்தன. ஊரில் டிவியோடு சிடி பிளேயர் இருப்பது அந்த ஒரு வீட்டில்தான். மழை நாளில் பிள்ளைகளை அங்கே உட்கார வைத்துப் பொம்மைப் படம் போட்டுவிடுவது அந்த ஊர் வழக்கமாம். வாசல்படியில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து ஒரு கட்டைக் குரல் கேட்டது.

"வாடா கண்ணு! வந்து உக்காரு. சோறு ரெடி. துன்னுட்டுத் தூங்கலாம்…"

பின்னாலேயே ஒரு பஸ் ஹாரன். அப்புறம் தூரத்தில் யாரோ "சின்னசேலம், சேலம், சேலம்!" என்று கூவினார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் குரல்.

என் அண்ணன் ராஜதுரை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருந்தான். முதலில் வீடியோ கேசட், பிறகு சிடி. கேசட் காலத்தில் பொம்மைப் படம் கேட்டு வருகிற ஆளே இல்லை. சிடி வந்ததும், லீவு விட்டால் போதும், பிள்ளைகள் ஈ மாதிரி மொய்த்தார்கள். ஆனால் வந்த படமெல்லாம் இங்கிலீஷ். "ஒண்ணும் புரியலண்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையின் பின் அறையில் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, ஒரு மைக்கை வைத்து, பனிக்காட்டில் நடக்கிற ஒரு பொம்மைப் படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு நாங்களே தமிழ் பேசினோம். கரடிக் குட்டிக்கு அண்ணி. மரம், மட்டை, பறவை எல்லாவற்றுக்கும் அண்ணன். குட்டியைப் பிடிக்கச் சாக்கோடு திரியும் ஓநாய்க் கிழவிக்கு, வேறு யார், இந்தக் கட்டைக் குரல்காரிதான். போர்வையைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு சத்தமும் படத்துக்குள் வந்துவிட்டது. அந்தப் பனிக்காட்டில் சேலம் பஸ் ஓடும்.

அதற்கப்புறம் டிவிடி வந்தது, பென் டிரைவ் வந்தது, போன் வந்தது. அண்ணன் கடையை மூடிவிட்டு டைல்ஸ் வியாபாரத்துக்குப் போய்விட்டான். ஓநாயை நானே மறந்துவிட்டேன். இந்த ஊர் மறக்கவில்லை.

"கண்ணுங்களா…" என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு முன்னால் டிவியில் ஓநாய், பின்னால் வாசலில் நான். பிள்ளைகள் கொல்லைக் கதவு வழியாகப் பறந்தார்கள். வேடியப்பன் முப்பது வயசு ஆள், முறுக்கு மீசை. அவனும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நீ ஏண்டா பயப்படுற?" என்றேன்.

"டீச்சர்… அது… நீங்களா?"

"நான்தாண்டா! பொம்மைக்குப் பேசுனேன். அதுக்கா ஊரே ஓடுறீங்க?"

அவனுக்கு மூச்சு வந்தது. "நாங்கல்லாம் இதப் பாத்துக்கினுதான் வளந்தோம் டீச்சர். இப்பவும் புள்ளைங்க தூங்கலைன்னா ஓநாய்க் கெழவிகிட்ட புடிச்சிக் குடுத்துடுவோம்னுதான் சொல்றது. நீங்க வாசல்ல நின்னு அதே பேச்சைப் பேசினா இன்னா பண்ணுவாங்க?"

நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஒன்று புரியவில்லை. "கடைசியில குட்டி தப்பிச்சிடுதே. அப்புறம் என்ன பயம்?"

"எங்க தப்பிக்குது? கெழவி சாக்குல போட்டு வாயைக் கட்டிடுது. படம் முடிஞ்சி போச்சி."

சிடி கவரை வாங்கிப் பார்த்தேன். பிளேயரில் ஓடிய அந்த ஒரு டிஸ்க்குக்கான கவர்தான். அதன் மேல் அண்ணனின் கோணல் எழுத்தில் 'பாகம் 1'. சிடி காலத்தில் ஒரு படம் ஒரு டிஸ்கில் அடங்காது என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? வேடியப்பனின் அப்பா சந்தைக்குப் போன இடத்தில் வாங்கி வந்தது இதுதான். சாக்கைக் கட்டியதும் திரை கறுத்துவிடும். பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஒரு தலைமுறையே அந்தச் சாக்குக்குள் இருந்தே வளர்ந்திருக்கிறது. அடப்பாவமே என்றிருந்தது எனக்கு.

"நாளைக்குக் காலைல அங்கன்வாடியில ரெண்டாவது டிஸ்க்கு. எல்லாரையும் வரச் சொல்லு" என்றேன்.

"டிஸ்க்கு வெச்சிருக்கீங்களா?"

"டிஸ்க்கு எதுக்கு? ஓநாயே வந்திருக்கேன்ல."

மறுநாள் ஒருத்தரும் காட்டுக்குப் போகவில்லை. பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, அம்மா அப்பாக்கள் ஜன்னலில் அப்பிக்கொண்டார்கள். பயமும் விடவில்லை, ஆசையும் விடவில்லை. சுபஸ்ரீ இடுப்பில் கைக்குழந்தையோடு முன்னால் நின்றாள்.

நான் சாக்கைக் கட்டிய இடத்திலிருந்து ஆரம்பித்தேன். குட்டி சாக்கைப் பல்லால் கடித்தது. காசியம்மாள் அரிசிச் சாக்கு ஒன்றைத் தர, அதையும் கிழித்துக் காட்டினேன். குட்டி வெளியே வந்தபோது ஜன்னலில் வேடியப்பன் விசில் அடித்தான். குட்டி ஓடியது, உறைந்து கிடந்த ஆற்றின் மேல் ஓடியது. கிழவி துரத்தினாள். பனிக்கட்டி பிளந்தது. நான் தரையில் விழுந்து, தலை உள்ளே போகிற மாதிரி குனிந்து, ஒரு கையை மட்டும் மேலே நீட்டினேன்.

"கண்ணு… முழுவிப் போறேண்டா… கைய குடுடா…"

படத்தில் குட்டி திரும்பிப் பார்க்காமல் அம்மாவிடம் ஓடிவிடும். கிழவி ஒழிந்தாள் என்று இவர்களும் நிம்மதியாகட்டும் என்று நீட்டிய கையோடு கிடந்தேன்.

சில்லென்று ஒரு சின்னக் கை என் விரலைப் பிடித்தது. பாரதி.

"ஏய்! குடுக்காதடி! அது ஓநா!" ஜன்னலிலிருந்து சுபஸ்ரீ அலறினாள்.

பாரதி விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். "பாவம்மா, அதுக்குக் குளுருது" என்றாள்.

அண்ணன் எழுதிய வசனத்தில் இதற்கு மேல் ஓநாய்க்கு ஒரு வார்த்தையும் கிடையாது. எழுந்து உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷம்தான். அதைப் பார்த்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தன. ஒருத்தன் என் தொண்டையைத் தொட்டுப் பார்த்து, "இன்னொருவாட்டி பேசு" என்றான். காசியம்மாள் தட்டுகளைக் கொண்டு வந்து வைத்தாள்.

ஜன்னலில் கூட்டம் மெல்லக் கலைந்தது. சுபஸ்ரீ மட்டும் உள்ளே வந்தாள். பாரதியைத் தூக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பிலிருந்த பையனை இறக்கி என் மடியில் போட்டாள்.

"களை நெறைய கெடக்குது டீச்சர். சாயங்காலம் வந்து இட்டுக்கினு போறேன். அயுதான்னா பேசிக்கினே இருங்க, தூங்கிடுவான்."