ஒன்பது மணி ஆறு நிமிடம்

"வரலைன்னு காட்டுதுண்ணே, நான் என்ன செய்ய, மெஷின்ல..."

"வந்தேன் மேடம்! வந்து ரெண்டு ஷிப்டு சேத்து நின்னவனைப் போயி..."

"நான் சொல்றதைக் கேளுங்க..."

"நீங்க கேளுங்கோ! பொங்கலுக்கு மறுநாளு, என் ஜோடி கங்கப்பன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துப் போச்சின்னு அவன் ஷிப்டும் நான்தான் நின்னேன். அன்னிக்கு ஆப்சென்ட்டுன்னு எழுதிக்கீது. நானு பந்தித்தே, மேடம்!"

கோபம் வந்தால் கரியப்பனுக்கு ‘வந்திருந்தேன்’ என்பதும் கன்னடத்தில்தான் வரும். ஓசூர் சிப்காட்டில் இரும்பு வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் இரண்டு வருடமாக அச்சு மண் தட்டுகிற கேஷுவல் ஆள் அவன். ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கத்து ஊர். கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். சில்லிட்ட தரையில் ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்றுகொண்டிருந்தான்.

ஜெயமணி சாத்தூர்க்காரி. வேலைக்கு வந்து எட்டு மாதம். யூனிக்ஸ் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த வருகைப் பதிவு ப்ரோகிராமை, புதிதாக வாங்கிய டாஸ் கம்ப்யூட்டர்களில் ஓடும்படி மாற்றி எழுதியது அவள்தான். பழைய மெஷினை விலைக்கு வாங்கிய பெங்களூர்க்காரன் டிசம்பரில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"ரெண்டு வருஷத்துல நானூத்தி எம்பது நாள் இருந்தா பெர்மனென்ட். உங்களுக்கு நானூத்தி அறுபத்து மூணுதான்ணே வருது."

"என் கணக்குல நானூத்தி எம்பத்தி ஆறு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாக."

"எல்லாரும் சொல்றாங்களா? முனிவேலு சொன்னானா? மாசத்துக்கு மூணு நாள் மட்டம் போட்டு மாமியார் வூட்டுல கோழி தின்னுட்டு வர்றான். அவன் பேரு கீது பெர்மனென்ட் லிஸ்ட்டுல. நான் ஒத்த நாள் மட்டம் போட்டேனா? எனக்கின்னா மேடம், மாமியாரு இல்லியா, இல்ல கோழிதான் இல்லியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

"நாலு மணிக்கு லிஸ்ட்டை ஒட்டிருவாங்கோ. பேரு இல்லாதவனுக்கு இன்னியோட பிரேக்கு, கேட்டுக்குள்ள வுடமாட்டாங்கோ. அப்புறம் எந்தக் கம்பெனி வாசல்ல போயி நிக்கறது?"

"சரி, வேற எந்த நாள் விட்டுப்போச்சு? சொல்லுங்க."

அவன் விரல் விட்டுச் சொன்னான். மாசி மாதம் கங்கப்பன் தக்காளி ஏற்றப் போன இரண்டு வியாழக்கிழமைகள். கங்கப்பனின் மாமனார் செத்த அன்று. ஊர்ப் பண்டிகைக்கு முந்தின நாள். அங்கே வழக்கமே அதுதான்: இருவர் ஜோடி சேர்ந்துகொள்வார்கள், ஒருவனுக்கு ஊரில் வேலை வந்தால் மற்றவன் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை டபுள் நிற்பான்.

அவள் ஒவ்வொரு தேதியாகத் தட்டினாள். ஆப்சென்ட். ஆப்சென்ட். ஆப்சென்ட்.

"எல்லாமே டபுள் நின்ன நாளாண்ணே?"

"அதைத்தானே இவ்வளவு நேரமா கத்திக்கினு கீறேன்!"

தேதிக்குப் பின்னால் இருந்த எண்ணைத் திரையில் வரவழைத்தாள். உள்ளே இருந்த நேரம், நொடிக் கணக்கில். ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு இருந்தது.

ஜெயமணி இதேபோல மைனஸால் நாள் குறைந்துபோனவர்களையெல்லாம் வரவழைத்து எண்ணினாள்.

பழைய மெஷின் ஓர் எண்ணுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைத்தான் புதியது கொடுத்தது. முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழுக்கு மேல் போனால் எண் தலைகீழாகி மைனஸில் விழுந்துவிடும். அத்தனை நொடி என்றால் ஒன்பது மணி ஆறு நிமிடம். அதற்கு மேல் உழைத்தவனுடைய நேரம் பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. பூஜ்ஜியத்துக்குக் கீழே இருப்பவனை வராதவன் என்று எழுதச் சொல்லியிருந்தாள். மாற்றி முடித்த அன்று தன் வருகைக் கார்டையும் ஆபீஸ்காரர்கள் கார்டுகளையும் போட்டுத்தான் சோதித்தாள். எல்லாம் சரியாக வந்தது. ஆபீஸில் யார் டபுள் நிற்கிறார்கள்?

"இன்னா மேடம், மூஞ்சி இப்படிப் போச்சி?"

"இங்கனயே நில்லுங்கண்ணே. வந்துர்றேன்."

மேனேஜர் வெள்ளைச்சாமியின் அறை கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். கதவைச் சாத்தியும் கரியப்பனுக்குப் பேச்சு அரைகுறையாகக் கேட்டது.

"சார், லிஸ்ட்டை நிறுத்தணும். தப்பு என்னுது. மாத்தி எழுதுறப்ப நான் கவனிக்கலை."

"எத்தனை பேரு?"

"நாப்பத்தொண்ணு."

"ஏம்மா, நாப்பத்தோரு பேரைப் பெர்மனென்ட் ஆக்குங்கன்னு எம்.டி. முன்னால போய் நிக்கச் சொல்றியா? கையெழுத்தே போட்டாச்சு."

"மைனஸ்ல இருக்கிற ஒவ்வொண்ணோடயும் அறுபத்தஞ்சாயிரத்து ஐநூத்தி முப்பத்தாறைக் கூட்டுனாப் போதும் சார், நிஜ நேரம் வந்துரும். பத்தே நிமிஷம்."

"மெதுவாப் பேசு. பழைய மெஷின் இருக்கா ஒப்பிட்டுப் பாக்க? இல்லைல்ல? அப்ப இது சொல்றதுதான் கணக்கு."

"டபுள் நின்னவுக சார். ஒழுங்கா வந்தவுகளைத்தான் அது வரலைன்னு..."

"வந்தவன் எவன், வராதவன் எவன்னு எனக்கும் தெரியும். முந்தாநாளே சூப்பர்வைசர் சொன்னாரு."

"தெரிஞ்சுமா சார்?"

"திங்கக்கிழமை ப்ரோகிராமைத் திருத்திரு. இனிமே சரியா வரட்டும். போனது போனதுதான். உன் கன்ஃபர்மேஷன் பேப்பரும் இந்த மேசையிலதான் கிடக்கு, பாத்துக்க."

கரியப்பன் கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் கருப்பு மண்.

அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விசைப்பலகைமேல் கையை வைத்தாள். திரையில் அந்த மைனஸ் எண் அப்படியே நின்றது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வந்தீகண்ணே," என்றாள். "நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அது தெரிஞ்சா போதும் மேடம். என்னை ஒண்ணும் கோவிச்சுக்காதீங்கோ, கத்திட்டேன். திருத்திட்டீங்களா?"

"திங்கக்கிழமை திருத்தச் சொல்லிட்டாக."

வெளியே யாரோ சுவரில் காகிதத்தை ஒட்டித் தட்டும் சத்தம் கேட்டது. ஆட்கள் கூடும் இரைச்சல். கரியப்பன் வாசல்வரை போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தவன், திரும்பினான்.

"திங்கக்கிழமை என்னை யாரு மேடம் உள்ள விடுவாங்கோ?"