இங்கிலீஷில் கேட்டால்

டங்கனுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை என்பது, வகுப்பு வாசலில் போய் நின்ற பிறகுதான் டங்கனுக்கே தெரிந்தது.

உள்ளே கணக்கு வாத்தியார் லுவோ கரும்பலகையைப் பாதி நிரப்பிவிட்டிருந்தார். "டங் சாருக்கு இன்னிக்குக் காய்ச்சல். அதனால இந்தப் பீரியடும் கணக்குதான்," என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே திரும்பியவர் வாசலைப் பார்த்தார். காய்ச்சல்காரன் ஆறடி உயரத்தில், கையில் டீ பாட்டிலோடு, கல்லுக்குண்டு மாதிரி நின்றிருந்தான். லுவோவுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "நல்லா ரெஸ்ட் எடுங்க சார்," என்று கையை வேறு ஆட்டினார்.

கல்லூரி நுழைவுப் பரீட்சை நெருங்கினால் இப்படித்தான். டங்கன் எடுக்கும் பேச்சு ஆங்கிலத்துக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாத பாடத்தை யார் சீந்துவார்கள்? ஸ்காட்லாந்திலிருந்து சீனாவின் கான்சூ மாகாணத்தில் இருந்த அந்தப் புழுதி ஊருக்கு டங்கன் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு அவன் 'டங் சார்'; ஊர்ப் பேச்சு பேசுவான். நூடுல்ஸ் கடைக்காரம்மா அவன் கேட்காமலே வினிகரைத் தாராளமாக ஊற்றுவாள். ஆனாலும் சந்தையில் நடந்தால் பொடிசுகள் "டேய், வெள்ளைக்காரன்!" என்று கத்துவது நிற்கவில்லை. அந்த ஒரு கத்தல் மட்டும் அவனுக்கு இன்னும் பழகவில்லை.

அடுத்த வாரம் அவன் பீரியட் தப்பிப் பிழைத்து அவன் கைக்கே வந்தது. மேசைமேல் குவிந்த புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து லான்ஷின் என்ற மாணவி எழுந்தாள். இங்கிலீஷில் கேட்டாள்.

"சார், போன வாரம் உங்களுக்கு நிஜமாவே காய்ச்சலா?"

"இல்லை. லுவோ சார் என் பீரியடைத் தூக்கிட்டுப் போயிட்டார்."

வகுப்பு கூரை பிய்த்துக்கொள்வதுபோல் சிரித்தது. அவன் வகுப்பில் அது சட்டம். முதல் நாளே சொல்லிவிட்டான்: என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், இங்கிலீஷில் கேட்டால் உண்மையைச் சொல்வேன். பிள்ளைகளின் வாயைத் திறக்க வைக்கத்தான் அந்தச் சட்டத்தைப் போட்டான். சம்பளம் எவ்வளவு, ஏன் கல்யாணம் செய்யவில்லை, எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் எது வாயில் வைக்க விளங்காது என்று எல்லாம் கேட்டார்கள். எதற்கும் அவன் மழுப்பியதில்லை. அதிகம் கேட்டவள் லான்ஷின்தான்.

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், வகுப்பாசிரியை பெய் டீச்சர் அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் எல்லாரையும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். சுவரோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"இவங்க லான்ஷினோட அம்மா," என்றார் பெய் டீச்சர் கதவைச் சாத்திவிட்டு. "லான்ஷின் அப்பா தவறிட்டார். சின்ஜியாங்ல சுரங்கப்பாதை வேலை. மண்ணு சரிஞ்சிருச்சு. திங்கக்கிழமை ஊர்ல அடக்கம். பரீட்சை முடியற வரைக்கும் பிள்ளை காதுக்குப் போகக்கூடாது. யாரும் வாயைத் திறக்கக்கூடாது."

யாரும் திகைக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்காவது இப்படி ஒன்றை மறைத்துத்தான் பரீட்சை எழுத வைத்திருக்கிறார்கள். லுவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். அதுதான் அவருடைய சத்தியம்.

டங்கனால் சும்மா இருக்க முடியவில்லை. "அவ அப்பாவாச்சே டீச்சர்? ஊர் பக்கத்துலதானே இருக்கு? போயிட்டு மறுநாளே திரும்பிரலாமே?"

"டங் சார், உங்க ஊர்ல அப்படி இருக்கலாம்," என்றார் பெய் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவனுக்குச் சுருக்கென்றது.

லான்ஷினின் அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சார், அவர் மண்ணுக்குள்ள போனதே இவ இந்தப் பரீட்சை எழுதணும்னுதான். இப்பச் சொன்னா பேனாவைத் தொடமாட்டா. அவர் உசிரு வீணாப்போயிரும். நான் அழுதா முகம் வீங்கி அவ கண்டுபிடிச்சிருவான்னு இன்னும் அழக்கூட இல்லை." பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நம்ம பிள்ளைன்னு நினைச்சுக்கங்க." அந்தப் பார்வை டங்கனைத் தாண்டிப் போகவில்லை. அவனிடமும் நின்றது.

அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக் குழாயடியில் டங்கன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது லான்ஷின் வந்து பக்கத்தில் நின்றாள். வார்த்தைகளை முன்கூட்டியே தேடி வைத்திருந்தாள் போலிருக்கிறது. இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள்.

"எங்க அப்பாவுக்கு எழுத வராது சார். செல்போன்ல எப்பவும் பேசித்தான் அனுப்புவார். முதல்ல ஒரு இருமல் இருமுவார், அப்புறம்தான் பேச்சு. இந்த வாரம் பேச்சே இல்ல. எழுத்தா வருது. நல்லா சாப்பிடு, நல்லா படின்னு. அம்மாகிட்டக் கேட்டா, மைக் ரிப்பேராம். பெய் டீச்சர்கிட்டக் கேட்டா, போய்ப் படிங்கறாங்க." அவன் பக்கம் திரும்பினாள். "சார், எங்க அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் நிலையம். ஊர்ப்பெயர்களைக் கூவும் கண்டக்டரின் குரல்கூடக் கேட்டது. ஒரே வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை அவள் அப்பாவின் பக்கத்தில் நிற்பாள். அந்த வார்த்தை அவன் தொண்டைவரை வந்துவிட்டது. கூடவே சுவரோரம் நின்ற அந்தப் பெண்ணின் அழாத முகமும் வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றான், இங்கிலீஷில். "நல்லாயிருக்கார். நீ பரீட்சையைப் பாரு."

அவள் அவன் கண்ணையே பார்த்தாள். பிறகு அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. பல நாள் சுமையை இறக்கிவைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள். "தேங்க் யூ சார்," என்று சிரித்துவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்கு ஓடினாள்.

டங்கனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. திங்கட்கிழமை பெய் டீச்சர் அந்த ஊர்க்காரர்கள் மாவில் புரட்டி அவித்துத் தின்னும் வெள்ளை வேலம்பூ ஒரு டப்பா கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தார். "பிள்ளை உங்ககிட்ட வந்து கேட்டது தெரியும். நீங்க இனிமே வெளியாள் இல்ல சார்," என்றார். எத்தனை வருஷம் அவன் ஏங்கிய வார்த்தை! அருவருப்புக்கு நடுவிலும் மனசு குளிர்ந்தது. அதே நேரத்தில் பக்கத்து ஊரில் அடக்கம் நடந்துகொண்டிருந்தது. டப்பாவிலிருந்ததை அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

பரீட்சையன்று காலை பள்ளி வாசல் முழுக்கச் சிவப்பு. வாத்தியார்கள் சிவப்புச் சட்டையில் நின்றார்கள், டங்கனும்தான். தாய்மார்கள் பிள்ளைக்கு ராசி சேரட்டும் என்று கழுத்து மூடிய சிவப்புப் பட்டு உடையில் வந்திருந்தார்கள். கூட்டத்தில் லான்ஷினின் அம்மாவும் இருந்தாள். யாரிடமோ இரவல் வாங்கிய உடை, தோளில் தொங்கிற்று. புருஷன் போன வீட்டில் சிவப்புத் துணி கண்ணில்கூடப் படக்கூடாது. அவளோ அதை உடம்பில் சுற்றிக்கொண்டு, வாய்நிறையச் சிரித்து, மகளுக்குக் கையசைத்தாள். லான்ஷின் வாசலில் ஒரு கணம் தயங்கினாள். அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் டங்கனைப் பார்த்தாள். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். உள்ளே போய்விட்டாள்.

மார்க் வந்தது. மாவட்டத்திலேயே பேசும்படியான மார்க். எந்தக் கல்லூரி என்று முடிவு செய்யப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்த அன்று, மாடிப்படியில் அவளைப் பார்த்தான். இடது கைச் சட்டையில் துக்கத்துக்கான கறுப்புத் துணி குத்தியிருந்தாள்.

"லான்ஷின், நான் உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்," என்றான் இங்கிலீஷில். "என்னை மன்னிச்சிரு."

"பரவாயில்ல சார்," என்றாள். சீனத்தில் சொன்னாள். இத்தனை நாளில் அவனிடம் அவள் சீனத்தில் பேசியதே இல்லை. "என் நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

"கோபமா இருந்தா திட்டிரு." அவன் இன்னும் இங்கிலீஷை விடவில்லை.

அவள் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். பேசியபோது குரல் உயரவில்லை.

"அப்பாவைத் தூக்கறப்போ சட்டி உடைக்க வேண்டியது நான் சார். நான் ஒத்தப் பிள்ளை. பெரியப்பா மகன் உடைச்சானாம். அதுவும் ஒரே தடவைல உடையணும், முதல் தடவை உடையலையாம், ரெண்டாவது தடவை போட்டானாம்." கறுப்புத் துணியைச் சரி செய்துகொண்டாள். "அம்மா சொல்லமாட்டாங்கன்னு தெரியும். பெய் டீச்சரும் சொல்லமாட்டாங்க. நம்ம ஜனம் இப்படித்தான். அவங்க மேல எனக்குக் கோபமே இல்ல. அவங்க சொல்லமாட்டாங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன். பரீட்சையன்னிக்கு அம்மா சிவப்புல நின்னு சிரிச்சப்பகூட எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. டங் சார் ஒண்ணும் இல்லைன்னுட்டாரேன்னுதான் உள்ள போய் எழுதினேன்."

டங்கன் ஒரு படி இறங்கி அவள் பக்கத்தில் வந்தான்.

"நீங்க வெளியாள்னு நினைச்சிட்டேன் சார். தப்பு என் மேலதான்."

கீழே லுவோ சார் யாரையோ கலாய்ப்பதும் பிள்ளைகள் சிரிப்பதும் கேட்டன. அவள் படியிறங்கத் திரும்பினாள். விட மனசில்லாமல் அவன் கடைசியாக ஒன்று கேட்டான், மெதுவாக, இங்கிலீஷில். "நீ எப்படிம்மா இருக்கே? உண்மையாச் சொல்லு."

லான்ஷின் நின்று, வாத்தியார்களுக்குக் காட்டும் மரியாதையோடு லேசாகத் தலை குனிந்து சிரித்தாள். சீனத்தில் பதில் சொன்னாள்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லாயிருக்கேன்."