அறுபதாவது நொடியில்

பாடியில் உள்ள அந்த உதிரிபாகத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனை அளவுகளைக் கணினியில் ஏற்றுபவர் கண்ணம்மா. அதற்கான கணினிப் படிவத்தை நிரலாக எழுதிக் கொடுத்தவன் முஸ்தகீம். சில நாட்களாக ஒரு லாட்டின், அதாவது ஒரு தொகுதிச் சரக்கின், அளவுகள் வேறொரு லாட்டில் ஏறி, நல்ல சரக்கு கழிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மேலாளர் மனோகரன் எல்லாரையும் கூட்டி வைத்துக் காரணம் கேட்டார்.

"ஃபார்ம் கரெக்டாதான் சார் இருக்கு. அந்தக்காதான் கவனமில்லாம அடிக்கிறாங்க" என்று பட்டென்று சொன்னான் முஸ்தகீம்.

கண்ணம்மாவுக்கு மெமோ வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

புதன்கிழமை, அவருடைய தப்பைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுவதற்காக முஸ்தகீம் அவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

கண்ணம்மா டைப்ரைட்டிங் ஹையர் பாஸானவர். கண் காகிதத்தை விட்டு அசையவில்லை. விரல்கள் மட்டும் ஓடின. மூன்றாவது லாட்டில் பாதி அடித்திருப்பார், திரை ஒருமுறை சிமிட்டியது. கர்சர் பட்டியலின் முதல் லாட்டுக்குத் தாவியது. மீதி எண்கள் எல்லாம் அங்கே போய் விழுந்தன.

முஸ்தகீமுக்குப் புரிந்துவிட்டது. புது விவரங்கள் தாமாக வந்து சேரட்டும் என்று, நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பிக்க அவனே வைத்த டைமர் அது. சோதித்தபோது அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு லாட் அடித்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இன்னா தம்பி, புட்சிட்டியா?" திரும்பாமலே கேட்டார் கண்ணம்மா.

நிரலில் அந்த ஒரு வரியை அழித்தால் போதும், யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததே அவனுக்குக் கூசியது. மேசையில் மெமோவுக்கான பதில் கிடந்தது. 'எனது கவனக்குறைவால் நேர்ந்த பிழையை மன்னிக்கவும்.'

"அக்கா, இதைக் குடுக்காதீங்க. என் டைமர்தான் உங்களை வேற லாட்டுக்குத் தள்ளுது."

விரல்கள் நின்றன.

"என் கை மேலயே எனக்கு சந்தேகம் வந்துட்ச்சுப்பா. கண்ணு டாக்டராண்ட போயி காட்டிகினு வந்தேன், தெரியுமா?"

"மன்னிச்சிடுங்கக்கா."

"அன்னிக்கு அம்மாம் பேர் எதிர்க்க சொன்ன. இப்ப எங்காதுல கிசுகிசுங்கிற."

அவன் டைமரை நிறுத்திவிட்டு மனோகரன் அறைக்குப் போய்ச் சொன்னான்.

"சரி பண்ணிட்டல்ல? விடு. மெமோவ கிழிச்சிடறேன்" என்றார் அவர்.

"இல்ல சார். எல்லாரையும் கூப்பிடுங்க."

வந்தார்கள். கண்ணம்மா கதவோரம் நின்றார். காது மடல் சுட, முஸ்தகீம் தரையைப் பார்த்துப் பேசத் தொடங்கினான்.

"கேக்கலப்பா. தலைய தூக்கினு சொல்லு" என்றார் கண்ணம்மா.