மேல் குரல்

சுருட்டைக்கு முடி கொட்டி வெகுநாளாகிறது. பெயர் மட்டும் கொட்டவில்லை. வாலிபத்தில் அவனும் அவன் மச்சானும், அதாவது மனைவியின் அண்ணனும், பவர் பாப் என்ற துள்ளல் பாட்டுப் பாடி ஊரையே கலக்கியவர்கள். மூன்றே நிமிடப் பாட்டு. கணகணவென்று கிட்டார். பல்லவி வந்தால் இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு எகிறும். முடிதிருத்தும் கடை ரேடியோ வரைக்கும் அவர்கள் பாட்டுதான்.

அப்புறம் இருவருக்கும் கிறுக்குப் பிடித்தது. பல்லவியில் உச்சத்தில் ஏறும் மேல் குரல் யாருக்கு என்று சண்டை. இரண்டாவது ஆல்பம் பாதியில் நின்று, குழுவும் கலைந்தது. சுருட்டை வாஷிங் மெஷின் பழுதுபார்க்கப் போனான், மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போனான். பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மேசையில் சாப்பிட்டாலும் எல்லாம் சுருட்டையின் மனைவி வழியாகத்தான். நல்ல பிழைப்பு அவளுக்கு.

இப்போது பழைய பாட்டுப் பைத்தியங்கள் சிலர் ஒரு மண்டபத்தில் பாட அழைத்திருந்தார்கள். இருவரும் சேர்ந்து வந்தால்தான் மேடை. சுருட்டைக்கு ஆசை நெஞ்சை முட்டியது. ஆனால் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுப் பாடிப் பார்த்ததில் மேல் குரல் எட்டவேயில்லை. அதை மச்சானிடம் ஒப்புக்கொள்வதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. மச்சான் கிட்டாரோடு வந்து உட்கார்ந்தான்.

"மேல் குரலை உன் புருஷனே எடுத்துக்கட்டும்," என்றான் தங்கையிடம்.

சுருட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணாம்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு. அவரே பாடட்டும்."

"நான் விட்டுக்கொடுக்கறேன்னு சொல்லு."

"நானும்தான் விட்டுக்கொடுக்கறேன்."

"அடேங்கப்பா, என்ன பெருந்தன்மை," என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே. "முதல்ல ஆரம்பிங்க."

இருவர் கிட்டாரும் கணகணத்தன. பல்லவி வந்ததும் இருவரும் கீழ்க் குரலில் பாடினார்கள். மேலே ஆளில்லை. ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு, அடுத்த வரியையும் கெட்டியாகக் கீழேயே பாடினார்கள்.

அப்போதுதான் மேல் குரல் வந்தது. துணிக்குவியலுக்குப் பின்னாலிருந்து, பிசிறே இல்லாமல். கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்ததை அவள் பாடினாள். இருவர் கையும் நின்றுவிட்டது.

மச்சான் சுருட்டையை நேராகப் பார்த்தான். "உனக்கும் எட்டலையாடா?"

"எட்டல மச்சான்."

"எனக்கு எப்பவோ போச்சு."

சுருட்டைக்குச் சிரிப்பு பீறிட்டது. மச்சானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்துச் சுருட்டைக்குக் கண்ணில் நீர் வந்தது. அதில் பாதி சிரிப்பால் வந்ததல்ல.

"மேடைக்கு வருவாளா? உன் பொண்டாட்டியைக் கேளு."

"உன் தங்கச்சிதானே, நீ கேளேன்."

"இங்கதானே உக்காந்திருக்கேன்," என்றாள் அவள். "என்கிட்டயே கேளுங்களேன்."