இரண்டு செல்விகளின் அழைப்பிதழ்

அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் அச்சகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, என் மருமகள், கல்யாண அழைப்பிதழின் புரூஃபைப் பார்க்க வந்த ஒரு பஸ் ஓட்டுநர், கூட வந்த ஒரு நர்ஸ். பின்னவர்கள் இருவரும் பெண்கள். ஆறாவது ஆள் கிடையாது. தானும் இருந்ததாகக் கதை சொல்பவரின் நாக்குக்கு நான் பொறுப்பில்லை.

அச்சகம் எங்கள் அப்பா தொடங்கியது. எழுத்துப் பிழை வராது என்று பேர் எடுத்தது. எழுத்துக் கோப்பது தம்பி, உரக்க வாசித்துச் சரிபார்ப்பது நான். மகன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து, முன்மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வேலை பிடிப்பது மருமகள்.

இந்த அழைப்பிதழுக்கு அவள் எழுதிக் கொடுத்த தாளில் இரண்டு பெயர்களுக்கு முன்னாலும் செல்வி என்று இருந்தது. முதல் பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது; கை தவறி எழுதிவிட்டாள் என்று தம்பி அந்தச் செல்வியைச் செல்வன் ஆக்கிவிட்டான். நாற்பது வருடப் பழக்கம். நானும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஓட்டுநர் புரூஃபை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"எல்லாம் நல்லா இருக்குங்க ஐயா. என்னை மட்டும் மாப்பிள்ளை ஆக்கிட்டீங்க."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி மருமகளைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தாளில் பிழையே இல்லை.

தம்பி என்னைக் காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குக் கூட்டிப்போனான். மருமகளும் பின்னாலேயே வந்தாள். தம்பி எங்கள் சர்ச்சின் சபைக் கமிட்டியில் இருப்பவன். கல்யாணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆண்டவர் வைத்த ஒழுங்கு, இதை அச்சடித்துக் கொடுத்தால் நாமும் ஆமென் சொன்ன மாதிரிதான் என்றான். மருமகள் விடவில்லை. போன மாதம் ஒருவருடைய மூன்றாவது கல்யாணத்துக்குத் தங்க எழுத்தில் அடித்துக் கொடுத்தோம், அன்றைக்கு யாரும் வேதத்தைப் புரட்டவில்லையே என்றாள். இவர்கள் நம்மிடம் ஆசீர்வாதமா கேட்கிறார்கள், அழைப்பிதழ்தானே என்றாள். கடைசியாக அவள் சொன்னதுதான் என்னைத் தைத்தது.

"தெரிஞ்சுதான் மாமா சரின்னு சொன்னேன். இப்ப நீங்க இல்லைன்னா, நாளைக்கு அந்த மேஜையில உக்காந்து நான் யார்கிட்டயும் சரின்னு சொல்ல முடியாது."

தம்பி கொஞ்சம் இறங்கி வந்தான். "சரிண்ணே, அடிச்சுக் குடுத்துடுவோம். கீழ நம்ம அச்சகத்துப் பேரு மட்டும் வேண்டாம். யாருக்குத் தெரியப்போகுது?"

அதை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வேலையைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். என் விசுவாசமும் அவன் விசுவாசமும் ஒன்றுதான். ஆனால் பேர் போடாமல் அடிப்பது, மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் புத்தி. எங்கள் வாசலைத் தாண்டி அப்படி ஒரு தாள் போனதில்லை. பேர் போட வெட்கமாக இருந்தால் வேலையைத் தொடவே கூடாது. இதையோ தொட்டாயிற்று, வீட்டுப் பெண் வாக்கும் கொடுத்தாயிற்று.

"பேரோட போகும்" என்றேன். "வழக்கமான இடத்துல, வழக்கமான அளவுல."

பாஸ்டர் கேட்டால் என்ன சொல்வது என்றான். என்னிடம் கேட்கச் சொல் என்றேன்.

முன்னறைக்கு வந்து, உட்காராமலே அவர்களிடம் பேசினேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சிரிப்பது எனக்கு வராது.

"உங்க கல்யாணத்தை என் விசுவாசம் ஒத்துக்கலை. அழைச்சாலும் வர மாட்டேன். ஆனா என் மருமக சரின்னு சொல்லியிருக்கா. அழைப்பிதழ் பிழையில்லாம வரும்."

நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு இடம் பார்க்கலாம் என்று மற்றவளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஓட்டுநர் அசையவில்லை.

"உங்களை அழைக்கிறதா நாங்க சொல்லவே இல்லையேங்க ஐயா" என்றாள். "செல்வியை மட்டும் திருத்திக் குடுங்க."

சரியான பதில். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பேனாவை எடுத்து நானே திருத்தினேன். தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஆனால் ஓர் எழுத்துப் பிசகாமல், மறுபடி கோத்தான். சனிக்கிழமை அழைப்பிதழ்கள் எங்கள் பேரோடு போயின.

கிழவருக்குத் தெரியாமல் மருமகள் தன்னிச்சையாக அந்த வேலையை ஒப்புக்கொண்டாள் என்று இப்போது சபையில் ஒரு பேச்சு ஓடுகிறது. தவறு. ஒப்புக்கொண்டது எங்கள் அச்சகம்.